அலைன்மெண்ட் நிற்காத பழைய கார்: துருவைக் கண்டறிவதும் உரிமையைக் கேட்பதும்

பழைய கார் வாங்கியவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இது: "வண்டி இடப்பக்கம் இழுக்குது." வீல் அலைன்மெண்ட் செய்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நாள் நேராக ஓடுகிறது, பிறகு மறுபடி இழுக்கிறது. டயர் மாற்றுகிறார்கள், அடுத்து டை ராட் எண்ட், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ். செலவு ஏறிக்கொண்டே போகிறது, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாற்றிய பாகங்கள் எல்லாம் நல்ல பாகங்கள்தான். அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தகடு துருப்பிடித்து இளகியிருந்தால், புதுப் பாகம் மாட்டி என்ன பயன்?

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய சிறு காந்தம், ஓர் அளவு நாடா, பிறகு அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரம் பணம் கொடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் அதே சோதனை வெறும் வருத்தமாக முடியும். அல்லது சரியாகப் பதிவுசெய்தால், வழக்கின் ஆதாரமாக மாறும். இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். பொலேரோ, சுமோ, பழைய ஸ்கார்ப்பியோ, ஜீப் போன்ற வண்டிகளில் ஏணி போன்ற தனி சேஸிஸ் உண்டு. அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா போன்ற கார்களில் அப்படித் தனியாக ஒன்றும் இல்லை. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ சில், எஞ்சினுக்கு இரு பக்கமும் உள்ள ஏப்ரன், பில்லர்கள் எல்லாம் சேர்த்து வெல்ட் செய்யப்பட்ட பாடியேதான் சேஸிஸ். ஆகவே "கொஞ்சம் பாடித் துரு, டிங்கரிங் செஞ்சா போதும்" என்று யாராவது சொன்னால், எந்த இடத்துத் துரு என்று கேளுங்கள். கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் துரு அழகைக் கெடுக்கும். லோயர் ஆர்ம் பொருந்தும் இடத்துத் துரு ஆளைக் கொல்லும்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலும் எண்ணூர், திருவொற்றியூர் பக்கமும் ஆண்டுக்கணக்கில் வெளியில் நின்ற வண்டியின் அடிப்பாகம், அதே வயதில் கோவையில் நின்ற வண்டியைப் போல இருக்காது. பதிவு எண்ணில் 51, 65, 69 போன்ற கடலோர மாவட்ட எண்களைக் கண்டால் அடிப்பாகத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். எண் எந்த ஊரில் பதிவானது என்பதை மட்டும்தான் சொல்லும், எங்கே ஓடியது என்பதைச் சொல்லாது. அதனால் சர்வீஸ் பில்களில் உள்ள ஊர்ப்பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் இன்னொரு காரணம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் மீண்டும் சென்னையிலும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் கார்கள் மூழ்கி நின்றதை நாம் பார்த்தோம். மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு நிறுத்துவது கடினமல்ல. கழுவினாலும் தப்பிக்கும் இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் நகரும் தண்டவாளத்தின் திருகுகளைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரல்விட்டு வண்டல் இருக்கிறதா என்று தடவுங்கள்.

வெள்ளமும் கடலும் இல்லாத ஊரிலும் ஒரு துரு வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏ.சி.யின் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் வெளியே சொட்டாமல் உள்ளே இடப்பக்க முன் சீட்டின் கால்வைக்கும் இடத்தில் இறங்கும். மேலே கார்ப்பெட், அதன் கீழே பஞ்சு, அதன் கீழே தரைத்தகடு. பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருநாள் கார்ப்பெட்டைத் தூக்கினால் தகட்டில் ஓட்டை வழியாகச் சாலை தெரியும். வாங்கும்போது கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையால் அழுத்திப் பார்க்க விற்பவர் தடுத்தால், அந்தத் தடையே உங்களுக்கான பதில்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதே நல்லது. அதற்குச் சில நூறு ரூபாய் கேட்டாலும் கொடுங்கள். லிஃப்ட் இல்லாவிட்டால் ஜாக்கி மட்டும் போட்ட வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் உடம்பை நுழைக்காதீர்கள். ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். அதிலும், துருப்பிடித்த சில்லில் ஜாக்கி வைத்தால் ஜாக்கி தகட்டுக்குள் புகுந்து வண்டி இறங்கிவிடும். ஜாக்கி வைக்கும் இடம் நசுங்கி, கிழிந்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

அடியில் பார்க்கும்போது எல்லாத் துருவும் ஒன்றல்ல. பழுப்பு நிறத்தில் தூசுபோலப் படிந்து, தேய்த்தால் கீழே பளபளப்பான இரும்பு தெரிந்தால், அது மேற்பரப்புத் துரு; பயப்பட வேண்டாம். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். அதனால் உள்ளே அரிக்கும்போது இரு தகடுகள் சேரும் விளிம்பு உப்பி விரியும், பெயிண்ட் கொப்புளமாக எழும், அடுக்கடுக்காகச் செதில் உதிரும். இந்த நிலையில் தகடு தடிமனாகத் தெரிவது ஏமாற்று. உண்மையான இரும்பு மெலிந்துவிட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் கொடுக்கும், சில இடங்களில் உள்ளிருந்து துருத்தூள் கொட்டும். பெட்டி வடிவப் பகுதிகள் உள்ளிருந்துதான் அரிக்கும். நீர் வடிய விட்ட ஓட்டைகள் சேற்றால் அடைத்திருந்தால் வெளியே அழகாகத் தெரியும் சில், உள்ளே முடிந்துபோயிருக்கலாம்.

கட்டாயம் தட்ட வேண்டிய இடங்கள்: முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் மேடை, அதைச் சுற்றிய ஏப்ரன், லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், ஸ்டீயரிங் ரேக்கைத் தாங்கும் கிராஸ் மெம்பர், பின்பக்க ஸ்ப்ரிங் அமரும் இடம். பேட்டரி தட்டின் அடியையும் விடாதீர்கள், ஆசிட் கசிந்து அரித்திருக்கும். கூடவே தரையை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களை டார்ச் வெளிச்சத்தில் முழு நீளமும் பாருங்கள். அவையும் பெரும்பாலும் இரும்புதான். துருவில் மெலிந்த குழாய், அவசரமாக அழுத்தும் ஒரே பிரேக்கில் வெடித்துவிடக்கூடும்.

மறைப்பு வேலை இரண்டு வகை. ஒன்று, ஓட்டையில் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது. துணி சுற்றிய காந்தம் அங்கே ஒட்டாது, அல்லது பலவீனமாக ஒட்டும். இன்னொன்று, அடிப்பாகம் முழுவதும் புதுக் கறுப்புக் கோட்டிங் அடிப்பது. பத்துப் பதினைந்து வயது வண்டியின் அடியில் நேற்றடித்தாற்போல ஈரக் கறுப்பு மின்னினால், அது பராமரிப்பின் அடையாளம் என்று நம்பிவிடாதீர்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து அரிப்பை வளர்க்கும். தொழிற்சாலை வேலையில் வட்டவட்டமான ஸ்பாட் வெல்ட் குழிகள் சீரான இடைவெளியில் இருக்கும், சீலன்ட் கோடு ஒரே அகலத்தில் ஓடும். கையால் ஒட்டுப்போட்ட இடத்தில் வெல்டிங் மேடு பள்ளமாகவும், சீலன்ட் பிசுபிசுவென்று விரலால் தடவியது போலவும் இருக்கும்.

இனி முன் சஸ்பென்ஷன். வண்டியை மேடுபள்ளமான தெருவில், கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி, மெதுவாக ஓட்டுங்கள். சிறு குழிகளில் 'கட கட' என்று வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க், அதன் புஷ், அல்லது பால் ஜாயிண்ட். பிரேக் பிடிக்கும்போதும் வண்டி கிளம்பும்போதும் ஒற்றை 'டக்' வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்ப்ரிங் முறுக்கி விடுபடும் 'டங்' சத்தம், ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த தொகுதி) மேல் உள்ள மவுண்ட் பேரிங்கிலிருந்து வருவது. வேகம் கூடக் கூட ஏறும் முனகல், வளைவில் கூடிக் குறைந்தால், வீல் பேரிங். முழுக்கத் திருப்பி முன்னே செல்லும்போது வரும் தொடர் 'டக் டக் டக்' சஸ்பென்ஷனே அல்ல, டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். அதற்காக சஸ்பென்ஷன் முழுவதையும் கழற்ற விடாதீர்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கியபின், கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். பிளே இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினால், ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் தேய்மானம் தெரியும். டயரும் பேசும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் அல்லது கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு). திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுந்தால் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கலாம்.

துருவும் சஸ்பென்ஷனும் சந்திக்கும் இடம்தான் இந்தக் கட்டுரையின் மையம். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை பாகங்கள் மட்டுமல்ல. அந்தப் பாகங்கள் பொருந்தும் புள்ளிகளும்கூட. பெரும்பாலான சிறிய கார்களில் அலைன்மெண்ட்டின்போது டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டும் பாடியில் உள்ள பொருத்தும் புள்ளிகளைப் பொறுத்தவை. ஆகவே அலைன்மெண்ட் கடையில் "முடிந்தது" என்ற சொல்லோடு திரும்பாதீர்கள்; அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பாகங்கள் மாட்டிய பிறகும் இடது, வலது கேம்பரோ காஸ்டரோ நிறைய வேறுபட்டால், பழைய விபத்தில் வளைந்திருக்க வேண்டும், அல்லது துருவில் புள்ளி நகர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, ஒருவரை ஸ்டீயரிங்கைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பச் சொல்லி, ஸ்ட்ரட்டின் மேல் மேடையைச் சுற்றிய தகடு அசைகிறதா என்று பாருங்கள். கீழே, லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடத்தை நெம்புகோலால் மெல்ல நெம்புங்கள். ரப்பர் புஷ் மட்டும் நெளிய வேண்டும், தகடு அசையக் கூடாது. சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளவு நாடாவால் அளந்து பார்த்தாலே சில வண்டிகளின் கதை வெளிவந்துவிடும்.

தகடு அசைகிறது என்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றுங்கள். சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள தகட்டை மிக் வெல்டிங்கில் வைத்து, உள்ளேயும் மெழுகுப் பூச்சு கொடுத்தால் சில் போன்ற பகுதிகள் நன்றாகவே நிற்கும். துருவின் மேலேயே ஒட்டுத்தகடு வைப்பதும், காஸ் வெல்டிங்கில் அதிகமாகச் சூடேற்றுவதும் பணத்தை வீணாக்கும் வேலை. ஸ்ட்ரட் மேடையும் ரேக் பொருந்தும் இடமும் சேர்ந்து அரித்திருந்தால், என் கருத்தில் அந்த வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள்.

வாங்கிய பிறகுதான் துரு தெரியவந்தது என்றால், சட்டத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது விற்பவர் யார் என்பது. பழைய கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உண்டு. பழைய பொருள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. கமிஷன் வாங்கிய புரோக்கரும் சேவை தந்தவரே. பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வண்டியை விற்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது. ஒப்பந்தச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றம்தான்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வணிகர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று டெலிவரி நோட்டில் கையெழுத்திட்டவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குறையைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. குறையை அறிந்து, செயலால் மறைப்பது வேறு. இரண்டாவது மோசடி. ஓட்டையில் பட்டி பூசிக் கறுப்பு அடித்தது விற்பவர்தான், தெரிந்தேதான் என்று காட்ட முடிந்தால், "உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற வரி அவரைக் காப்பாற்றுவது கடினம்.

அதைக் காட்டுவது எப்படி? விளம்பரத்தில் "துரு இல்லை, விபத்து இல்லை" என்று போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக மாற்றுங்கள்: "அண்ணே, அடியில வெல்டிங், பட்டி எதுவும் இல்லைன்னு சொன்னீங்க, சரிதானே?" என்ற ஒரு வரியும், அதற்கு வந்த பதிலும் பிற்பாடு பெரிய ஆதாரம். பில் கேளுங்கள். பில்லோ ரசீதோ தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. குறை தெரிந்தவுடன், எத்தனை கோபம் வந்தாலும், உடனே பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். பட்டியைச் சுரண்டுவதற்கு முன், சுரண்டும்போது, சுரண்டிய பின் தேதியோடு வீடியோ எடுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிக்கை வாங்குங்கள். நிபுணர் சோதனைக்கு ஆணையம் உத்தரவிடலாம். அப்போது வண்டி அதே நிலையில் இருக்க வேண்டும். வண்டியைச் சரிசெய்துவிட்டு வழக்குப் போட்டவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. கால வரம்பு 2 ஆண்டு. உதவி தேவைப்படுவோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண் இருக்கிறது; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. துருவின் மேல் ஒட்டுப்போட்டுப் பணம் வாங்கிய பட்டறைமீதும் சேவைக் குறைபாடு என்று இதே வழியில் போகலாம். அதற்கும் பில் வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வணிகர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தன் வண்டியை வணிகரிடம் விற்கும் உரிமையாளருக்கும் இது பாதுகாப்பு: வணிகரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். தனியாருக்கு விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளரையே சேரும் என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரித்த வண்டியை மலிவாகத் தள்ளிவிட்டுப் பெயர் மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டி என்பதால் அடிப்பாகம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. புதுப்பித்த அன்று அது தேர்ச்சி பெற்றது, அவ்வளவுதான். அடுத்த 5 ஆண்டில் துரு காத்திருக்காது. சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் தேடிப் பாருங்கள். அந்த இடம் அரித்து எண் படிக்க முடியாமல் போனால் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாது, பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் நின்றுவிடும். அதைப் பட்டறையில் தானாகப் பொறிக்க வைப்பது பெரிய சிக்கலில் கொண்டுவிடும், ஆர்.டி.ஓ. அனுமதியோடுதான் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். சொந்தச் சேத பாலிசி தேய்மானத்தையும் துருவையும் ஏற்காது. விபத்துக்குத் துருவே காரணம் என்று சர்வேயர் எழுதினால் கிளைம் தகராறாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: ஓட்டுபவருக்குத் தெரிந்த, அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய குறையோடு வண்டியை ஓட்டி, அதனால் விபத்தில் யாருக்காவது காயம் ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டி இனி ஆகாது என்று முடிவானால் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் பெயரில் ஆர்.சி. உயிரோடு இருக்கும்வரை அந்த எண்ணும் சேஸிஸ் எண்ணும் வேறு வண்டியில் ஏறலாம். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி ஆகும். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநில அரசுகள் சலுகை தரவும் மத்திய விதி இடம் தருகிறது. ஆர்.டி.ஓ. பதிவில் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்பதைப் பரிவாகன் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.